பெரிய மாப்பிள்ளையின் ஜாய்ஸ்டிக்

என் சகலையைப் பற்றி நான் நியாயமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. கெட்டவராக இருந்திருந்தால் மனசாரத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் அந்த வீட்டின் பெரிய மாப்பிள்ளை. மூத்த பெண்ணைக் கட்டி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைக்கிறவன். அவர் சின்ன மாப்பிள்ளை, இளையவளைக் கட்டியவர். துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்து சிதம்பரம் மேலவீதிப் பக்கம் டைல்ஸ் கடை போட்டிருக்கிறார். எங்கள் மாமியாருக்கு, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவருக்கு, ஆண்பிள்ளை கிடையாது. மாமனார் மவுத்தான பிறகு குமராட்சி வீட்டைப் பூட்டிவிட்டு, சிதம்பரத்தில் சின்ன மகள் வீட்டோடு வந்துவிட்டார். ஏன் கடலூருக்கு வரவில்லை என்று கேட்டதற்கு, "ஒங்க வூட்டுல மாடிப்படி ஏறணும் மாப்ள, முட்டி வலிக்குது" என்றார். நான் அதை நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

எனக்கென்று பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுதான் இருந்தது. நான் விமானம் ஓட்டுகிறவன். நிஜத்தில் இல்லை, கம்ப்யூட்டரில். ஃப்ளைட் சிமுலேட்டர் என்பார்கள். விமானிக்கு முன்னால் இருக்கிற அத்தனை முள்ளும் பொத்தானும் திரையில் அப்படியே இருக்கும். அவர் என்னென்ன செய்வாரோ அதையெல்லாம் நாமும் செய்தால்தான் ஏறும், இறங்கும். இதை விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுது, சாப்பிட்டுவிட்டு, மறுபடி கடை திறக்கிற வரைக்கும் எனக்கு ஆகாயம்தான். சென்னையில் கிளம்பி, கடற்கரையை ஒட்டியே தெற்கே வந்து, பிச்சாவரத்துக்கு மேல் ஒரு வட்டம் அடித்துத் திரும்புவேன். அத்தனை பெரிய சுரபுன்னைக் காடு திரையில் ஒரு பச்சைத் திட்டுதான். எனக்கு அது போதும்.

இத்தனைக்கும் நிஜ விமானத்தில் நான் கால் வைத்ததே இல்லை. சகலையை அழைத்துவரப் போகும்போதெல்லாம் விமான நிலையத்துக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. அவரோ டவுன் பஸ்ஸில் போவதுபோல் போய் வந்தவர். பெருநாள் சாப்பாட்டில் நான் இறக்கையில் இருக்கிற ஃப்ளாப் எதற்கு, தரையைத் தொடும் நேரத்தில் மூக்கை ஏன் லேசாகத் தூக்க வேண்டும் என்றெல்லாம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். எல்லாரும் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொல்வார்:

"எனக்கு அதெல்லாம் எங்க தெரியுது சகல? சீட்டுல ஒக்காந்து பெல்ட்டப் போட்டா தூங்கிடுவேன். எறங்குன பெறவு பக்கத்து சீட்டுக்காரன்தான் தட்டி எழுப்புவான்."

எல்லாரும் சிரிப்பார்கள். என் ஃப்ளாப் அதோடு போயிற்று. இப்படித் தூங்குகிற மனிதருக்கு எத்தனை தடவை ஜன்னல் சீட்டு கிடைத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். மறைக்க என்ன இருக்கிறது?

போன வருடம் மாமி உம்ரா யாத்திரை போவதென்று பேச்சு வந்தது. மக்காவுக்கு ஒரு பெண் தனியாகப் போவதை எங்கள் வீட்டில் இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கூட மஹ்ரம் வேண்டும், அதாவது மணமுடிக்க முடியாத நெருங்கிய உறவில் ஓர் ஆண். மகன் இல்லாத வீட்டில் மருமகன்தான் மஹ்ரம். டிராவல்ஸில் சொல்லி வைத்தது இரண்டு இடம். ஒன்று மாமிக்கு. இன்னொன்று எங்கள் இருவரில் ஒருவருக்கு.

எனக்கு அந்த இடம் வேண்டும். வேண்டும் என்றால் அப்படி வேண்டும். கஃபாவைப் பார்க்கிற ஆசை இல்லையா என்றால், இருக்கிறது, சத்தியமாக இருக்கிறது. ஆனால் அங்கே போகிற வழி முழுக்க ஆகாயம் என்பதையும் நான் ஒரு நிமிடம்கூட மறக்கவில்லை.

யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்பதை மாமியே சொல்லட்டும் என்று பெண்கள் இருவரும் ஒதுங்கிவிட்டார்கள். ஆனால் எல்லார் கண்ணும் சகலை மேல்தான். அரபு பேசுவார், ஊர் தெரியும், ஏர்போர்ட் தெரியும். என் மனைவியே சொன்னாள்: "அவரு போறதுதாங்க நல்லது. நீங்க வாசப்படி எதுன்னு தேடிக்கிட்டு நிப்பீங்க." கட்டின பெண்டாட்டி சொல்கிற பேச்சா இது?

நடுவில் ஒரு தடை இருந்தது. மாமிக்குப் பயம். போனில் என்னிடமே சொன்னார். "ஏறுறது எப்படியோ ஏறிடும் மாப்ள. எறங்குறத நெனச்சாத்தான் திக்குதிக்குங்குது. வாணாம், நான் வூட்டுலயே ஓதிக்கிட்டுக் கெடக்கறேன்."

இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் ஏது? "மாமி, எறங்குறது எப்படின்னு ஒங்க கண்ணு முன்னாடி நானே எறக்கிக் காட்டறேன். ஞாயித்துக்கெழம வர்றேன். பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்றேன். மாமி பார்க்க வேண்டும், பயம் போக வேண்டும், பயத்தைப் போக்கினவரையே கூட்டிக்கொண்டு போக வேண்டும். மனக்கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

இந்தப் பெருமைக்கு, விமானத்தைத் திருப்பப் பிடிக்கிற என் பழைய ஜாய்ஸ்டிக் பொருந்தாது. பிடி வழவழவென்று தேய்ந்து, அடியில் துணியை மடித்து வைத்தால்தான் ஆடாமல் நிற்கும். புதியது ஒன்றை வரவழைத்தேன். பெட்டி கடைக்கு வந்தது. அங்கே பிரிக்க மனமில்லாமல் வீட்டுக்குத் தூக்கிவந்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, பிஸ்மி சொல்லிப் பிரித்தேன். கறுப்பு நிறம், நல்ல கனம். உள்ளங்கைக்கு வாகாக வளைந்த பிடி, கட்டைவிரலுக்கு ஒரு குமிழ், ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை, வேகத்தைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு நெம்புகோல். கையில் பிடித்ததுமே நான் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, "மிக்ஸிக்குக் கைப்பிடி வாங்குனீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று கம்ப்யூட்டருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சக்கரம் இதற்கு, பிரேக் இதற்கு, ஃப்ளாப் அதற்கு. பொறுமையாகச் செய்தேன். பிறகு ஓடுபாதையில் நிறுத்தி, வேகம் கொடுத்து, தூக்கினேன். தூக்கின கையோடு விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. நேராக்கினேன். மறுபடி வலப்பக்கம். இறக்கப் போனால் ஓடுபாதை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடலில் விழுந்தேன், வயலில் விழுந்தேன், ஒரு தடவை விமான நிலையத்தின் மேலேயே விழுந்தேன். செய்தவனையும் விற்றவனையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"அது மேல ஏங்க எரிஞ்சு விழுறீங்க? பழசுல ஓட்டறப்ப நீங்க எப்பவும் வலப்பக்கமா ஒருக்களிச்சுத்தான் ஒக்காருவீங்க. நாற்காலியே அந்தப் பக்கமாத் தேஞ்சு கெடக்குது, பாருங்க."

பார்த்தேன். தேய்ந்துதான் இருந்தது. பழைய ஜாய்ஸ்டிக்கை எடுத்து மேஜையில் வைத்துக் கையை விட்டேன். அது மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளே ஸ்பிரிங் எப்போதோ செத்திருக்கிறது. இத்தனை வருடமும் அந்தச் சாய்வுக்கு எதிராக வலப்பக்கம் இழுத்துப் பிடித்தே நேராகப் பறந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். புதியதில் ஒரு குறையும் இல்லை. என் கைதான் கோணல்.

கையை மாற்றிக்கொள்ளப் பார்த்தேன். பழகின கை கேட்குமா? ஞாயிற்றுக்கிழமை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஜாய்ஸ்டிக்குக்கு நடு எது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஓர் இடம் உண்டு. கையை எடுத்துவிட்டு, அது நேராக நிற்கும்போது பொத்தானை அழுத்தச் சொல்லும். நான் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். இதுதான் நடு என்று அதுவும் நம்பிக்கொண்டது. அப்புறம் பார்க்க வேண்டுமே! வழுக்கிக்கொண்டு போய் இறங்கியது. மறுபடி ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். என்ன சுகம்!

"புதுச் சட்டைய வாங்கி, பழசு கிழிஞ்ச எடத்துலயே கிழிச்சுப் போட்டுக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி. நான் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சிதம்பரம் பஸ் ஏறினோம். ஜாய்ஸ்டிக்கைத் துண்டில் சுற்றி, பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டேன். என் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, தேவையும் இல்லை. சகலையிடம் லேப்டாப் இருந்தது. நான் பறப்பதைப் பார்த்துவிட்டு அவரும் அதில் சிமுலேட்டரைப் போட்டு, வெறும் கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கென்று இருக்கிற ஒன்றையும் விட மாட்டேன் என்கிறாரே என்று அப்போதே எனக்குக் கடுப்பு. ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்டக்டர் பையைப் பார்த்து, "என்னா பாய், கிரைண்டர் பார்ட்டா?" என்றார். "ஏரோப்ளேன் பார்ட்டு" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

சகலை வாசலுக்கே வந்து, "வாங்க சகல, வாங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கூடத்துச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு டிவி. லேப்டாப்பை அதில் மாட்டி, எனக்கு மேஜை போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார். இப்படித்தான், எதிலும் குறை சொல்ல முடியாது. மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் தஸ்பீஹ் மணியோடு எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளைகளோடு சரிசமமாக உட்கார்ந்தே பழக்கமில்லாதவர்.

"பெல்ட்டு எங்க மாப்ள?" என்றார்.

"இதுக்கு வாணாம் மாமி."

"வாணாமா?" என்று முந்தானையை இறுக்கிக்கொண்டார்.

பொத்தான்களுக்கெல்லாம் வேலை சொல்லிக்கொடுத்தேன். நடுவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது தோன்றவே இல்லை. அது ஜாய்ஸ்டிக்கோடு கூடவே வந்திருக்கும் என்று நினைத்தேன். வரவில்லை. என் கோணல் மஞ்சக்குப்பத்தில், என் கம்ப்யூட்டருக்குள்ளேயே தங்கிவிட்டது. இங்கே லேப்டாப் ஜாய்ஸ்டிக்கை உள்ளது உள்ளபடி நேராகவே எடுத்துக்கொண்டது.

சென்னையில் தூக்கினதுமே வலப்பக்கம் இழுத்தது. காற்று ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தேன். மல்லுக்கட்டிக்கொண்டே கொள்ளிடம் வரைக்கும் வந்தேன். ஆறு வெள்ளையாகத் தெரிந்தது.

"குமராட்சி தெரியுதா மாப்ள?"

"அதோ மாமி, அந்தப் பச்சை."

"எல்லாமே பச்சையாத்தான் இருக்குது" என்றவர், உற்றுப் பார்த்துவிட்டு, "வெள்ளம் இல்லையில்ல, அது போதும்" என்றார். குரலில் பயம் குறைந்திருந்தது. எனக்கு உம்ரா விமானம் போய் இறங்குகிற ஜித்தாவே கண்ணில் தெரிந்தது.

சென்னைக்குத் திரும்பி இறக்க ஆரம்பித்தேன். "இப்பப் பாருங்க மாமி, பூ மாதிரி எறக்கறேன்." ஓடுபாதை நேரே வந்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. திருத்தினேன். அதிகமாகத் திருத்திவிட்டேன். உள்ளங்கை வேர்த்து வழிந்தது. கை மறுபடி தன் பழைய இடத்துக்கே போனது. இறக்கை வலப்பக்கம் சாய்ந்தது, விமானம் தூக்கு தூக்கு என்று ஆங்கிலத்தில் கத்தியது, மனைவி "யா அல்லா" என்றாள். அத்தனை பெரிய டிவியில், அத்தனை பெரிய சத்தத்தோடு, மாமியார் கண் முன்னால் விமானத்தைத் தரையில் குத்தினேன். திரை கறுத்தது.

தஸ்பீஹ் உருளுகிற சத்தம் நின்றிருந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்கத் தெம்பில்லை. கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

"இருங்க சகல, நான் ஒரு தடவ பாக்கறேன்" என்று சகலை வந்து உட்கார்ந்தார். என் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். இதற்கு முன் ஜாய்ஸ்டிக் எதையுமே தொடாத கை. அந்தக் கையில் கோணல் ஏது? ஓடுபாதை நேரே வந்தது, நேரேயே நின்றது. மூக்கை லேசாகத் தூக்கினார். நான் பெருநாள் சாப்பாட்டில் சொன்னதுதான், கேட்டு வைத்திருக்கிறார் பாவி. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. கூடமே "மாஷா அல்லா" என்றது. என் மனைவியின் குரலும் அதில் இருந்தது. நம் வீட்டில் ஒரு வாய் உண்ணாத பிள்ளை அடுத்த வீட்டில் உட்கார்ந்து சமர்த்தாகச் சாப்பிடுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

"ஸ்டிக்கு சூப்பரா இருக்குது சகல! நல்லாப் பாத்து வாங்கியிருக்கீங்க" என்றார். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. கறியைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மாமி கதவோரம் நின்று பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று பேசினார்.

"நான் போறேன். பெரிய மாப்ளயக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

எனக்குப் புரை ஏறியது. சின்ன மகள், "யாரும்மா? அச்சாவா?" என்றாள். என் மனைவியைத்தான் அவள் அச்சா என்று கூப்பிடுவாள். "அச்சா வூட்டுக்காரரா? இப்பத்தானே கொண்டுபோய்க் குத்துனாரு!"

"அவரு ஓட்டப்போறது இல்லையே" என்றார் மாமி. "பக்கத்துல ஒக்காரத்தானே போறாரு. சின்ன மாப்ள ஏறுனதும் தூங்கிடுவேன்னு அவரே சொல்றாரு. நான் பயந்து கெடந்தாக்கூட அவருக்குத் தெரியாது. இவரப் பாத்தேன். கையி அந்த நடுக்கம் நடுங்குது, வேர்த்து ஊத்துது. இவரு தூங்க மாட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். சகலைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்கு ஆசைப்பட்ட இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நன்றாக ஓட்டியதற்கு அவருக்கு மாஷா அல்லா, நடுங்கியதற்கு எனக்கு டிக்கெட். இதை வைத்து நான் எந்தப் பெருநாளில் பெருமை பேசுவது? போதாததற்கு அவர் உள்ளே போய், கழுத்தில் மாட்டிக்கொள்கிற தலையணையைக் கொண்டுவந்து என் பையில் வைத்தார். "எனக்கு எதுக்கு சகல இனிமே? நீங்க வச்சுக்குங்க." மனிதர் ஒரு தடவையாவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

கிளம்புகிற நாளில் சென்னையிலேயே இஹ்ராம் கட்டிக்கொண்டேன். தைக்காத இரண்டு வெள்ளைத் துணிதான் உடுப்பு. அதை உடுத்திவிட்டால் சண்டை கூடாது, கெட்ட எண்ணம் கூடாது. வாழ்நாளில் முதல் தடவையாக விமானத்துக்குள் போனேன். எங்கள் வரிசை வலப்பக்கம். ஒன்று ஜன்னல் சீட்டு, அதற்குப் பக்கத்தில் நடுச் சீட்டு. நான் சீட்டின் எழுத்தைச் சரிபார்த்து முடிப்பதற்குள் மாமி ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இங்க ஒக்காரட்டா மாப்ள? வெளிய பாத்துக்கிட்டு இருந்தா பயம் தெரியாது."

"ஒக்காருங்க மாமி" என்றேன். வேறென்ன சொல்வது?

விமானம் ஓடியது, மூக்கைத் தூக்கியது. மாமி ஓதிக்கொண்டே வெளியே பார்த்தார். "மாப்ள, கடல் தெரியுது! மேகமெல்லாம் கீழ கெடக்குது!" என்றார். நான் கழுத்தை நீட்டினேன். எனக்கு அவருடைய முக்காடுதான் தெரிந்தது. இத்தனை வருடம் நான் காத்திருந்த கடல் அந்தப் பக்கம் இருந்தது. இஹ்ராம் துணியில் உட்கார்ந்துகொண்டு, மாமியாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் திரையை இழுத்து ஜன்னலை மூடிவிட்டு, அதன்மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். சகலையின் தலையணை என் மடியில் இருந்தது. நான் தூங்கவில்லை. மாமி சொன்னது சரிதான்.

இறங்குவதற்கு முன் பணிப்பெண் வந்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார். மாமி விழித்துக்கொண்டார். சக்கரம் வெளியே வருகிற சத்தம் கேட்டது. ஃப்ளாப் இறங்கியது. எல்லாம் எனக்குத் தெரிந்த வரிசையில், என்னைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது. என் வலது கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடித்ததை வலப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை.

மாமி ஜன்னலைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு கதவோரம் நின்றே பேசியவர், முக்காட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து என் முஷ்டியின் மேல் வைத்து அழுத்தினார். சுடச்சுட இருந்தது அந்தக் கை.

"வுடுங்க மாப்ள" என்றார். "அவரு எறக்கிடுவாரு."

விட்டேன். ஒரு குலுக்கல், ஓர் உறுமல். தரையில் ஓடிக்கொண்டிருந்தோம். சுற்றிலும் யாத்திரிகர்கள் ஓதுகிற தல்பியா முழங்கியது. மாமி என் கையை விடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் குனிந்து, யார் காதிலும் விழாமல் சொன்னார்:

"சின்ன மாப்ளய விட இவரு நல்லா எறக்கிட்டாரு."

இஹ்ராம் துணியில் இருந்துகொண்டு அப்படிச் சந்தோஷப்படக் கூடாது. பட்டேன். உச்சந்தலை வரை குளிர்ந்துபோயிற்று. கஃபாவை முதலில் பார்க்கும்போது கேட்கிற துஆ வீண்போகாது என்பார்கள். அன்று இரண்டு கையையும் ஏந்தி, பெண்டாட்டிக்கும் மாமிக்கும் கேட்ட கையோடு, முகம் தெரியாத அந்த விமானிக்கும் கேட்டேன். சகலைக்கும் கேட்டேன், கடைசியாக.